டிரெஸ்டன் தேவாலயம்: கறுத்த கற்கள் சொல்லும் வரலாறு

ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில், எல்பே ஆற்றங்கரை அருகே நிற்கிறது ஃபிரவன்கிர்ஷே தேவாலயம். அதன் வெளிர்மஞ்சள் சுவர்களில் ஆங்காங்கே கறுப்புக் கற்கள் திட்டுத்திட்டாகத் தெரியும். அவை 18-ஆம் நூற்றாண்டில் செதுக்கப்பட்டவை. இரண்டாம் உலகப் போரில் விழுந்து, ஏறத்தாழ அரை நூற்றாண்டு குவியலாகக் கிடந்து, மறுபடி சுவரேறியவை.

எப்போது கட்டப்பட்டது?

லூத்தரன் சபையின் இந்த ஆலயத்தை வடிவமைத்தவர் கியார்க் பேர். 1726-இல் தொடங்கிய பணி 1743-இல் முடிந்தது. அதைப் பார்க்க அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை, 1738-இலேயே இறந்துவிட்டார். மணி வடிவக் கல் குவிமாடம்தான் ஆலயத்தின் தனிச்சிறப்பு. 1760-இல் பிரஷ்யப் படை பீரங்கியால் தாக்கியபோதும் அது தாக்குப்பிடித்தது.

எப்படி இடிந்தது?

1945 பிப்ரவரி 13 இரவு பிரிட்டிஷ் விமானங்களும், அடுத்த நாள் அமெரிக்க விமானங்களும் நகரின் மீது குண்டு பொழிந்தன. சுமார் 25,000 பேர் மாண்டனர். ஆலயம் உடனே விழவில்லை. உள்ளே பரவிய தீயின் கடும் வெப்பத்தில், குவிமாடத்தைத் தாங்கிய எட்டு மணற்கல் தூண்கள் வலுவிழந்தன. பிப்ரவரி 15 காலை மொத்தமும் சரிந்தது.

ஏன் இத்தனை தாமதம்?

கிழக்கு ஜெர்மனி ஆட்சியில் இடிபாடுகள் போர் நினைவிடமாக விடப்பட்டன. 1980-களில் அமைதி கோரும் இளைஞர்கள் அங்கே மெழுகுவத்தியோடு கூடினர். பெர்லின் சுவர் வீழ்ந்த பிறகு, 1990 பிப்ரவரியில், டிரம்பெட் கலைஞர் லுட்விக் குட்லர் உள்ளிட்டோர் ஆலயத்தை மீண்டும் கட்ட உலகின் உதவியைக் கோரினர். இடிபாடுதான் போருக்குச் சாட்சி, அதை அழிக்கலாமா என்ற எதிர்ப்பும் எழுந்தது. பெர்லினில் கைசர் வில்ஹெல்ம் நினைவு ஆலயத்தின் உடைந்த கோபுரத்தை அப்படியே வைத்து, பக்கத்தில் 1961-இல் புதிய ஆலயம் எழுப்பியிருந்தது எதிர்த்தவர்களுக்கு முன்னுதாரணம்.

எப்படிக் கட்டினார்கள்?

1993-இல் குவியலைப் பிரித்தனர். ஒவ்வொரு கல்லும் எங்கே கிடந்தது என்று குறித்து, அளந்து, படமெடுத்து, எண்ணிட்டனர். கிடந்த இடத்தையும் அளவையும் கொண்டு, அது முன்பு சுவரில் எங்கே இருந்திருக்கும் என்று கணினி உதவியோடு கணித்தனர். ஆயிரக்கணக்கான பழைய கற்கள் மீண்டும் பயன்பட்டன. விழாமல் நின்ற சுவர்ப் பகுதிகளும் புதிய கட்டடத்தோடு இணைக்கப்பட்டன.

செலவு சுமார் 18 கோடி யூரோ. அதில் பாதிக்கு மேல் நன்கொடை. 1999-இல் மருத்துவ நோபல் பெற்ற குந்தர் புளோபெல் தம் பரிசுத் தொகையின் பெரும்பகுதியை டிரெஸ்டனின் மீட்புக்குத் தந்தார். உச்சியில் நிற்கும் சிலுவை பிரிட்டனின் கொடை. அதைச் செய்த பொற்கொல்லர் ஆலன் ஸ்மித்தின் தந்தை, டிரெஸ்டன் மீது குண்டு வீசச் சென்ற விமானிகளில் ஒருவர்.

2005 அக்டோபர் 30 அன்று ஆலயம் பிரதிஷ்டை செய்யப்பட்டது. இடிபாட்டில் கிடைத்த நெளிந்த பழைய சிலுவையை உள்ளே வைத்திருக்கிறார்கள். மீண்டும் கட்டினால் போரின் தடயம் மறைந்துவிடும் என்று அஞ்சியவர்களுக்கு, காயத்தை மறைக்காமலும் கட்ட முடியும் என்று டிரெஸ்டன் காட்டிவிட்டது.