மீண்டு வரும் பெண்ணுக்கு ஒரு தோழி

(வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர்)

குடிநோய்க்குச் சிகிச்சை பெற்ற ஆடவன் ஊர் திரும்பும்பொழுது மனைவி வாயிலில் நின்று வரவேற்கிறாள். தாய் கண்ணீர் உகுக்கிறாள். "இனியாவது நன்றாக இரு" என்று பெரியவர்கள் வாழ்த்துகின்றனர். அதே நோய்க்குச் சிகிச்சை பெற்ற பெண் திரும்பும்பொழுது நிகழ்வது வேறு. அவள் எங்கே போயிருந்தாள் என்பதையே வீட்டார் மறைக்கின்றனர். அவள் குழாயடிக்கு வந்ததும் அங்கே நடந்துகொண்டிருந்த பேச்சு நின்றுவிடுகிறது. மருத்துவமனையில் அரும்பாடுபட்டுப் பெற்ற நலத்தை இந்த மௌனம் சில வாரங்களிலேயே அழித்துவிடக்கூடும். அந்த வாரங்களில் அவளுக்குத் துணை நிற்கும் முறை ஒன்று உண்டு. கிராம முன்னேற்றப் பணியில் ஈடுபட்டுள்ளோர் யாவரும் அதனை அறிந்திருத்தல் நலம்.

அம்முறையைச் சுருங்கக் கூறுவோம். அதே நோயில் உழன்று மீண்டு, ஓராண்டுக்கு மேல் உறுதியாக நிற்கும் ஒரு பெண், புதிதாக மீண்டு வருபவளுக்குக் குறித்த காலம்வரை வழித்துணையாக இருப்பதே அது. அவளை 'மீட்சித் தோழி' என்று இக்கட்டுரையில் அழைப்போம். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பது நம் முதுமொழி. அம்முதுமொழியின் மேல் எழுப்பப்பட்டதே இம்முறை எனலாம்.

பெண்ணுக்குத் தனி ஏற்பாடு ஏன்?

"குடிக்கும் பெண்கள் நம் பக்கத்தில் ஏது?" என்று சிலர் கேட்கலாம். மத்திய அரசின் சமூக நீதி அமைச்சகத்திற்காக அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகம் நடத்திய ஆய்வின் முடிவுகள் 2019-ஆம் ஆண்டு வெளியாயின. அவற்றின்படி 10 முதல் 75 வயது வரை உள்ளோரில், ஆண்களில் 27.3 சதவிகிதத்தினரும் பெண்களில் 1.6 சதவிகிதத்தினரும் மது அருந்துகின்றனர். பெண்களின் விகிதம் சிறிதே. எனினும், நம் நாட்டின் மக்கள் தொகையை எண்ணினால் அது பல இலட்சம் பெண்களைக் குறிக்கும். மதுவுக்கு அடிமையான ஆண், பெண் இருபாலாரிலும் 38 பேருக்கு ஒருவரே எவ்வகையிலேனும் சிகிச்சை பெற்றதாகவும் அவ்வாய்வு கூறுகிறது.

உடலமைப்பிலும் வேறுபாடு உண்டு. பெண்ணின் உடலில் நீரின் பங்கு குறைவு. ஆதலால் ஒரே அளவு மது அருந்தினாலும் பெண்ணின் இரத்தத்தில் அதன் செறிவு மிகுதியாகிறது. குறைந்த ஆண்டுகளிலேயே அவளது கல்லீரல் கெடுகிறது. கருவுற்ற காலத்தில் அருந்தும் மதுவோ பிறக்கவிருக்கும் குழந்தையின் மூளை வளர்ச்சியையே தாக்குகிறது.

குடியைத் தொடங்கும் காரணங்களும் பல. உடலுழைப்பின் வலியைத் தணிக்கத் தொடங்கியோர் உண்டு. கணவனே ஊற்றிக் கொடுத்துப் பழக்கியோர் உண்டு. அடியையும் வசையையும் மறக்கக் குடித்தோர் உண்டு. சிகிச்சைக்குப் போக எண்ணினாலோ, குழந்தைகளை யாரிடம் விடுவது என்ற கேள்வியும், ஊர் என்ன சொல்லும் என்ற அச்சமும் குறுக்கே நிற்கின்றன.

இம்முறை தோன்றிய வரலாறு

1935-ஆம் ஆண்டு மே மாதம், அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்திலுள்ள ஆக்ரன் நகருக்கு வணிகத்தின் பொருட்டுச் சென்றிருந்தார் பில் வில்சன் என்பவர். சில மாதங்களாகக் குடியை விட்டிருந்த அவருக்கு, எடுத்த காரியம் தோல்வியுற்றதும் குடிக்கும் வேட்கை மீண்டும் எழுந்தது. தம்மைப் போன்ற குடிநோயாளர் ஒருவருடன் பேசினால் தப்பலாம் என்று கருதி, அத்தகையவரைத் தேடிப் பிடித்தார். அவ்வாறு கிடைத்தவர் ராபர்ட் ஸ்மித் என்ற அறுவைச் சிகிச்சை மருத்துவர். அவ்விருவரின் உரையாடலிலிருந்து பிறந்ததே 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' எனப்படும் ஏ.ஏ. இயக்கம். உதவி செய்ய முற்பட்டவரே அதனால் முதலில் காப்பாற்றப்பட்டார் என்பது இங்கே கருதத்தக்கது.

1939-ஆம் ஆண்டு அவ்வியக்கத்திற்கு வந்த மார்ட்டி மான் என்ற அம்மையார், அதன் வாயிலாக நிலைத்த நலம் கண்ட முதற் பெண்களில் ஒருவர். குடிப்பழக்கம் ஒரு நோய், அது குணப்படுத்தத்தக்கது என்று நாட்டு மக்களுக்கு எடுத்துரைக்க 1944-இல் அவர் ஓர் அமைப்பையும் நிறுவினார். பின்னர் 1975-இல் ஜீன் கர்க்பாட்ரிக் என்ற மற்றோர் அம்மையார், பெண்களுக்கென்றே தனி அமைப்பொன்றைத் தோற்றுவித்தார். குடிக்கும் ஆடவனிடம் தான் என்னும் செருக்கை அடக்க வேண்டியிருக்கலாம். பெண்ணோ முன்னரே தன்னை இழிவாக எண்ணிக் கூனிக் குறுகி வருகிறாள், அவளுக்குத் தன்மதிப்பை ஊட்டுவதே முதற் பணி என்பது அவர் கருத்து.

நம் மாநிலத்தில், கணவரைக் குடிநோய்க்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் அம்மையார் 1980-இல் சென்னையில் சிகிச்சை நிலையம் ஒன்றைத் தொடங்கினார். கிராமங்களுக்கே சென்று முகாம் அமைத்துச் சிகிச்சை அளிக்கும் முறையையும் அந்நிலையம் கைக்கொண்டது. அவருக்கு 1992-இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

இத்தகைய துணையால் பயன் உண்டா என்பதையும் அறிஞர்கள் ஆராய்ந்துள்ளனர். 27 ஆய்வுகளையும் அவற்றில் பங்குகொண்ட 10,565 பேரையும் தொகுத்து நோக்கிய மதிப்பீடு ஒன்று 2020-இல் வெளியாயிற்று. ஏ.ஏ. கூட்டங்களோடு நோயாளரை முறையாக இணைக்கும் சிகிச்சை, தொடர்ந்து குடியாதிருப்பதற்குப் பிற சிகிச்சைகளைவிட மிகுதியாக உதவுகிறது என்பது அதன் முடிவு.

தோழியின் பணி யாது?

மீட்சித் தோழி மருத்துவர் அல்லர். மருந்து கொடுப்பதோ நிறுத்துவதோ அவள் வேலையன்று. நீதி உரைப்பதும் அவள் வேலையன்று. கேட்பதும், கேள்வியின் மூலம் சிந்திக்கத் தூண்டுவதுமே அவள் தொழில்.

எடுத்துக்காட்டாக, "குடிக்காதே, பிள்ளைகளை நினைத்துப் பார்" என்று சொல்வது எளிது. அதனை அப்பெண் ஆயிரம் முறை கேட்டிருக்கிறாள். தோழியோ, "நேற்று மாலை எப்படிக் கழிந்தது, தங்கச்சி? எந்த நேரம் கடினமாக இருந்தது? அப்போது என்ன செய்தாய்?" என்று கேட்பாள். "அடுத்த தெரு அக்கா வீட்டுக்குப் போய்ப் பூக்கட்டினேன்" என்று விடை வந்தால், அந்த வழி அவளே கண்டுபிடித்ததாகிறது. நாளையும் அதனை அவள் கையாள்வாள். பிறர் திணிக்கும் காரணத்தைவிடத் தன் வாயால் தானே சொன்ன காரணமே மனிதரை மாற்றுகிறது. வில்லியம் மில்லர் என்ற உளவியலாளர் 1983-இல் எழுதி விளக்கிய ஆலோசனை முறையின் அடிப்படையும் இதுவே.

ஒவ்வொரு சந்திப்பின் முடிவிலும் அடுத்த சந்திப்பு வரையில் செய்யத்தக்க சிறு காரியம் ஒன்றை அப்பெண்ணே தேர்ந்துகொள்ள வேண்டும். வேளைக்கு உண்பது, மருத்துவரைக் காணும் நாளைத் தவறவிடாதது, மகளின் பள்ளிக்குச் சென்று வருவது போன்றவை போதும். அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும்.

முதல் 90 நாட்கள்

மீட்சியின் தொடக்க மாதங்களே மிகவும் இடர் நிறைந்தவை. முதல் வாரம் நாள்தோறும், பின்னர் வாரம் இருமுறை, மூன்றாம் மாதம் வாரம் ஒருமுறை என்று சந்திப்புகளை அமைத்துக்கொள்ளலாம். கூடுமானால் முதற் சந்திப்பு மருத்துவமனையிலேயே நிகழ்தல் நன்று. முகம் அறிந்த ஒருத்தி ஊரில் காத்திருக்கிறாள் என்ற துணிவோடு அப்பெண் வீடு திரும்புவாள்.

பசி, கோபம், தனிமை, களைப்பு ஆகிய நான்கும் வேட்கையைக் கிளறுபவை. வேட்கை எழும்பொழுது, 'இன்று என்ன சாப்பிட்டேன்? யார்மேல் கோபம்? தனியாக இருக்கிறேனா? உறங்கினேனா?' என்று தன்னைத்தானே கேட்டுக்கொள்ளப் பயிற்றலாம். வேட்கை அலை போன்றது. எழுந்து, உச்சத்தை அடைந்து, தணியும். பெரும்பாலும் அரைமணி நேரத்திற்குள் அது அடங்குகிறது. அந்த அரைமணி நேரத்தில் ஒரு குவளை நீர் அருந்துவது, வெளியே நடப்பது, தோழியைத் தொலைபேசியில் அழைப்பது ஆகியவை காக்கும்.

கூலி கைக்கு வரும் நாள், திருவிழா, துக்க வீடு, கணவன் வீட்டிலேயே குடிக்கும் மாலை வேளை ஆகியவற்றை முன்கூட்டியே குறித்து, அந்நேரத்தில் எங்கே இருப்பது, யாருடன் இருப்பது என்று இருவரும் திட்டமிட வேண்டும். கணவனைத் திருத்துவது தோழியால் ஆகக்கூடியதன்று. ஆயினும், அவன் குடிக்கும் வேளையில் இவள் உட்கார ஒரு திண்ணையைத் தேடித் தரலாம்.

கடக்கலாகாத எல்லைகள்

முதலாவது, நாள்தோறும் மிகுதியாகக் குடிப்பவரை வீட்டிலேயே திடீரென்று நிறுத்தச் செய்தல் கூடாது. நிறுத்திய இரண்டொரு நாட்களில் கைநடுக்கமும் வலிப்பும், இரண்டு மூன்று நாட்களில் புத்தி தடுமாற்றமும் தோன்றி உயிருக்கே ஆபத்து நேரலாம். நெடுநாள் தூக்க மாத்திரை உண்டவர்க்கும் இது பொருந்தும். மருத்துவர் முதலில், தோழி அதன் பின்னரே.

இரண்டாவது, இரகசியம். தோழியிடம் சொன்ன சொல் குழாயடிக்கு வந்துவிட்டால் அப்பெண் மறுபடி வாய் திறவாள். அவ்வூரில் வேறெந்தப் பெண்ணும் உதவி நாடி வரமாட்டாள். எனினும் உயிருக்கு ஆபத்தான நிலையில் உரியவரிடம் தெரிவித்தே ஆகவேண்டும் என்பதை முதல் நாளிலேயே கூறிவிடுதல் முறை.

மூன்றாவது, தோழிக்கும் அப்பெண்ணுக்கும் இடையே பணம் கொடுக்கல் வாங்கல் அறவே கூடாது.

நான்காவது, தோழியும் மீண்டவளே. அவளுக்கும் தளர்ச்சி நேரும். ஒரே வேளையில் இரண்டு மூன்று பெண்களுக்கு மேல் அவள் பொறுப்பேற்றல் ஆகாது. மாதம் ஒருமுறையேனும் பயிற்சி பெற்ற ஆலோசகரைக் கண்டு அவள் தன் பாரத்தை இறக்கி வைக்க வேண்டும்.

மீண்டும் தவறினால்?

மீண்டும் குடித்துவிட்ட பெண்ணை, "இதற்குத்தானா இவ்வளவு பாடுபட்டோம்?" என்று கேட்பது அவளை ஆழத்தில் தள்ளுவதாகும். சர்க்கரை நோயாளி ஒருவருக்குச் சர்க்கரை கூடினால் அவரை நாம் ஊரைவிட்டு விலக்குவதில்லை. எங்கே தவறியது என்று பார்த்துச் சிகிச்சையைத் திருத்துகிறோம். அதுவே இங்கும் செய்யத்தக்கது. எத்தனை நாட்கள் குடியாதிருந்தாள் என்பதை நினைவூட்டி, அந்நாட்களில் எது உதவிற்று என்று கேட்டு, உடனே மருத்துவரிடம் அழைத்துச் செல்வது தோழியின் கடமை.

நம் குழுக்கள் செய்யத்தக்கவை

1989-இல் தருமபுரி மாவட்டத்தில் தொடங்கிய மகளிர் சுய உதவிக் குழுக்கள் இன்று மாநிலமெங்கும் வேரூன்றியுள்ளன. ஊராட்சி அளவிலான கூட்டமைப்புகள் மூன்று காரியங்களைச் செய்யலாம். சிகிச்சைக்குச் சென்ற உறுப்பினர் தவணை கட்டத் தவறினால், அவரைக் குழுவிலிருந்து நீக்காமல் தவணையை ஒத்திவைத்துக் கொடுக்கலாம். கடன் நெருக்கடி மீண்டும் குடிக்கு இட்டுச் செல்லும் குறுக்குப் பாதையாகும். அவர் இல்லாத நாட்களில் குழந்தைகளுக்கு உணவும் பள்ளிக்குச் செல்லத் துணையும் ஏற்பாடு செய்யலாம். மீண்ட பெண்கள் தாமே முன்வந்தால், அவர்களை அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவு வாயிலாகப் பயிற்றுவித்து, பயணச் செலவையும் வழங்கலாம். அயலூர்த் தோழியாக இருப்பின் இரகசியம் காப்பது எளிது. குழுப்பணிக்கு வருபவள் போல அவள் வந்து போகலாம். பெயர்ப் பட்டியல் எழுதி அலுவலகச் சுவரில் ஒட்டும் வழக்கம் மட்டும் இதில் வேண்டவே வேண்டாம்.

உதவி நாடுவோர் போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446-ஐயும், மன உளைச்சலுக்கு 14416-ஐயும், வீட்டில் வன்முறை நேர்ந்தால் 181-ஐயும் அழைக்கலாம்.

சாலையும் கிணறும் கட்டடமும் நிதி ஒதுக்கினால் எழும்பிவிடும். ஒரு பெண் தன் வீட்டுக்கும் ஊருக்கும் தலைநிமிர்ந்து திரும்புவதற்கு, அவளுக்கு முன்னே அவ்வழி நடந்த மற்றொருத்தியின் கை வேண்டும். அந்தக் கை நீளுவதற்கு இடம் கொடுப்பது ஊராரின் பொறுப்பு. குழாயடியில் அவள் குடத்தை வைக்கும்பொழுது நம் தாய்மார்கள் பேச்சை நிறுத்தாமல் அவளையும் அதில் சேர்த்துக்கொள்வார்களாயின், பாதி சிகிச்சை அங்கேயே நிறைவேறிவிடும்.