காடு போனால் சொல்லும் போகும்

சில வருடங்களுக்கு முன், முகாமொன்றில் பெரியவர் ஒருவர் தன் பேரனுக்கு வயற்கதை சொல்லிக்கொண்டிருந்தார். இடையிலே பிள்ளை கேட்டது: “அப்பப்பா, வக்கடை என்றால் என்ன?” பெரியவர் மண்ணிலே விரலாற் கீறி, வரம்பையும் நீர் பாய்வதற்கு அதில் வெட்டும் வாயையும் காட்டினார். முகாமிற் பிறந்த பிள்ளை; வயலைக் கண்டதில்லை.

அன்றுதொடக்கம் எனக்கு வேடர்களின் நினைவுதான். அவர்கள் தம்மை ‘வன்னியல எத்தோ’, அதாவது காட்டில் வாழ்வோர், என்று அழைப்பர். அவர்களது மொழி சிங்களத்தோடு கலந்து உருமாறியது. ஆயினும் எருமையைக் குறிக்கும் ‘ஒக்மா’ போன்ற, வேறெங்கும் வேர் காணமுடியாத சில பழஞ்சொற்கள் அதில் தங்கியிருந்தன.

1983இல் மகாவலி அபிவிருத்தியோடு மாதுறு ஓயா தேசிய பூங்கா அமைக்கப்பட்டது. தம்பானைப் பகுதிக் குடும்பங்கள் பல, ஹெனானிகல போன்ற குடியேற்றங்களுக்கு அனுப்பப்பட்டன. காணி கொடுத்தார்கள், வீடு கொடுத்தார்கள். ஆனால் பரம்பரை பரம்பரையாகத் தேன் எடுத்த காட்டில், வேட்டையாடுவது குற்றமாயிற்று. தலைவர் திசாஹாமி மட்டும் சில குடும்பங்களோடு போக மறுத்துவிட்டார். 1998இல் இறக்கும்வரை அவர் அந்த மண்ணை விட்டு நீங்கவில்லை.

மொழியைப் பேசாதே என்று எவரும் சட்டம் போடவில்லை. மிருகத்தின் தடம் பார்க்கும் சொல்லுக்கு நெல் வயலில் என்ன வேலை? பிள்ளைகள் சிங்களத்தில் படித்தார்கள். இன்று பழைய சொற்கள் பெரும்பாலும் முதியோரிடமும், பார்க்க வருவோர் முன்னிலையிலுமே ஒலிக்கின்றன. இறந்த உறவினரின் ஆவிகளை அழைத்துக் காணிக்கை வைப்பது வேடர் வழக்கம். அந்த மந்திரங்கள் பழைய சொற்களில் அமைந்தவை. அவை மறந்துபோனால், பேரன் தன் பாட்டனை எந்தச் சொல்லால் அழைப்பான்?

இதில் எமக்கும் பங்குண்டு, மறைக்கக்கூடாது. வாகரைப் பக்கத்துக் கரையோர வேடர் இன்று பேசுவது தமிழ். ‘வேடன்’ என்பதை ஏச்சாகப் பாவித்தவர்கள் நாங்களும்தான். ஏச்சுக்குப் பயந்தவன் தன் பிள்ளைக்கு எதைச் சொல்லிக் கொடுப்பான்?

அந்தப் பெரியவர் மறுநாள் குழாயடியில் வழிந்தோடிய தண்ணீருக்கு இரண்டு சாண் வரம்பு கட்டி, பேரனின் கையாலேயே வக்கடை வெட்டுவித்தார். முகாமின் மற்றப் பிள்ளைகளும் வந்து சேர்ந்துகொண்டன. குழாயடி முழுவதும் சேறாகிவிட்டதென்று பெண்கள் ஏசினார்கள். பெரியவர் காதிற் போட்டுக்கொள்ளவில்லை. அடுத்த வரம்புக்கு மண் பார்த்துக்கொண்டிருந்தார்.