லடாக் வானம் ஏன் சிவந்தது?

துருவ ஒளி, அதாவது அரோரான்னு சொன்னதும் நார்வே வானத்துல ஆடுற பச்சைத் திரைதான் ஞாபகம் வரும், இல்லையா? ஆனால் 2024 மே 10-ஆம் தேதி நள்ளிரவு தாண்டியதும், லடாக்கின் ஹான்லே வானாய்வகக் கேமராக்களில் மங்கலான சிவப்பு ஒளி பதிவானது. பச்சை எங்கே போச்சு?

ரெண்டு நிமிஷப் பொறுமை

அன்று சூரியன் வீசிய பிளாஸ்மா மேகங்கள் பூமியின் காந்தப்புலத்தை உலுக்கின. 2003 அக்டோபருக்குப் பிறகு வந்த முதல் ஜி5 புயல் அது. இப்படிப்பட்ட புயலில் வேகமாக வரும் எலக்ட்ரான்கள் ஆக்சிஜன் அணுவைத் தாக்க, அது வாங்கிய ஆற்றலை ஒளியாக விடுகிறது. பச்சை ஒளி (557.7 நானோமீட்டர்) ஒரு நொடிக்குள் வெளிவந்துவிடும். சிவப்புக்கோ (630 நானோமீட்டர்) சராசரியா 110 நொடி வேணும். அதுக்குள்ள பக்கத்து மூலக்கூறு மோதினால் ஆற்றல் காலி! அதனால் காற்று மிக மெலிந்த 200 கி.மீ.க்கு மேல்தான் சிவப்பு தெரியும். பச்சை 100 கி.மீ. உயரத்திலேயே கிடைக்கும்.

தூரத்துக் கோபுரம்

ஊரை நெருங்கும்போது முதலில் கோபுர உச்சிதானே தெரியும்? அதே கதைதான். பூமி உருண்டை என்பதால், 100 கி.மீ. உயர ஒளி சுமார் 1,130 கி.மீ. வரைதான் தெரியும். 300 கி.மீ. உயர ஒளி சுமார் 1,950 கி.மீ. வரை தெரியும். √(2Rh) போட்டு நீங்களே சரிபாருங்க. தெற்கே இருப்பவர்களுக்குத் திரையின் சிவப்பு உச்சி மட்டுமே மிச்சம்.

இன்னொரு வழியும் உண்டு. பூமியைச் சுற்றும் வளைய மின்னோட்டத்தின் வெப்பம் கீழிறங்கி, சுமார் 400 கி.மீ. உயரத்தில் எலக்ட்ரான்களைச் சூடாக்கும். சிவப்புக்கு ஏறக்குறைய 2 எலக்ட்ரான் வோல்ட் போதும். பச்சைக்கு 4-க்கு மேல் வேணும். அதனால் சிவப்பு வளைவு மட்டும் உருவாகும்.

இருட்டில் நம் கண் சிவப்பைச் சரியாக உணராது. பல நொடிகள் ஒளியைச் சேர்க்கும் கேமராதான் காட்டிக்கொடுக்கும்.

அழகு மட்டுமா?

காந்தப்புலம் மாறினால் நீண்ட கடத்தியில் மின்னோட்டம் தூண்டப்படும். ஃபாரடே விதி, செமஸ்டர்ல படிச்சதுதான். 1989 மார்ச்சில் கனடாவின் கியூபெக்கில் அதனால் மின்தொகுப்பே சரிந்து, சுமார் 60 லட்சம் பேர் 9 மணி நேரம் இருட்டில் இருந்தார்கள். அந்தச் சிவப்பு எவ்வளவு தெற்கே வருதோ, புயல் அவ்வளவு பெருசுன்னு அர்த்தம். அடுத்த தடவை அந்த மாதிரி போட்டோ பார்த்தா லைக் போடுங்க; கூடவே மின்தொகுப்பையும் கொஞ்சம் நினைச்சுக்கோங்க.