90 சென்டிமீட்டர் வாண்டும் தீம் பார்க்கும்

மூன்று வயதுக் குழந்தையை இவ்வளவு செலவு செய்து தீம் பார்க்குக்குக் கூட்டிப்போனால், பின்னால் அதற்கு ஏதாவது நினைவிருக்குமா? டிக்கெட் விலையைப் பார்த்ததும் வீட்டுப் பெரியவர்கள் கேட்கும் இந்தக் கேள்வியை உளவியல் ஆய்வாளர்களே ஒருமுறை கையில் எடுத்தார்கள். அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலத்தில் உள்ள வால்ட் டிஸ்னி வேர்ல்டுக்கு மூன்று வயதிலும் நான்கு வயதிலும் போய்வந்த குழந்தைகளை ஹாமண்ட், ஃபைவுஷ் என்ற இருவர் சந்தித்துப் பேச்சுக் கொடுத்தார்கள். பாதிப் பேரைப் பயணம் முடிந்து ஆறு மாதம் கழித்து, மீதிப் பேரை ஒன்றரை வருடம் கழித்து.

1991-ல் வெளியான அந்த ஆய்வின் முடிவு பெற்றோருக்கு ஆறுதலானது. குழந்தைகள் நிறையவே சொன்னார்கள். சொன்னது பெரும்பாலும் சரியாகவும் இருந்தது. ஒன்றரை வருடம் ஆகிவிட்டதே என்று நினைவு சுருங்கிவிடவில்லை. நான்கு வயதில் போனவர்கள் விவரமாகவும் தாமாகவும் சொன்னார்கள். மூன்று வயதில் போனவர்களிடம் கேட்டுக் கேட்டு வாங்க வேண்டியிருந்தது. போய்வந்த கதையை வீட்டில் அடிக்கடி பேசிய குழந்தைகளுக்குக் கூடுதலாகவே நினைவிருந்தது.

அந்த நினைவு ஆயுசுக்கும் நிற்குமா என்பது வேறு விஷயம். உங்கள் முதல் நினைவு எது என்று பெரியவர்களைக் கேட்டால், பெரும்பாலானோர் மூன்று, மூன்றரை வயதுக்கு முன்னால் போக மாட்டார்கள். அதற்கு முந்தைய வருடங்கள் எல்லோருக்குமே மங்கிப்போகின்றன. ஆனாலும் மூன்று வயதில் பார்த்ததை நான்கரை வயதில் சொல்லி மகிழும் பிள்ளைக்கு அந்தப் பயணம் வீணாகவில்லை. எனவே, பெற்றோர் கவலைப்பட வேண்டிய இடம் நினைவு அல்ல. அந்த ஒரு நாளைக் குழந்தையின் உடம்பு தாங்குமா, அதற்கேற்றபடி நாள் அமைந்திருக்கிறதா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

இலவச வயது

டிஸ்னியின் அமெரிக்கப் பூங்காக்களில் 3 வயது நிறையாத குழந்தைக்கு டிக்கெட் இல்லை. சிங்கப்பூர் செந்தோசா தீவில் உள்ள யுனிவர்சல் ஸ்டூடியோஸில் 4 வயதுக்குக் கீழே இலவசம். நம் ஊருக்குப் பழக்கமான வொண்டர்லா வயதைக் கேட்பதில்லை, உயரத்தைப் பார்க்கிறது, 85 செ.மீ.க்குக் குறைவாக இருந்தால் கட்டணம் கிடையாது. ஏறத்தாழ இரண்டு வயது வரை குழந்தைகள் அந்த உயரத்துக்குள் இருப்பார்கள்.

‘பிறந்தநாள் வருவதற்குள் போய்வந்துவிடலாம், ஒரு டிக்கெட் மிச்சம்’ என்று பல குடும்பங்கள் கணக்குப் போடுவது இதனால்தான். கணக்கு சரிதான். ஆனால், குழந்தைக்கு மிச்சமாகும் பணத்தைவிடப் பெரியவர்களின் டிக்கெட் பெரிது. கொடுத்த காசுக்கு எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்ற அவசரம் அங்கிருந்துதான் தொடங்குகிறது. காலையில் கேட் திறந்ததும் உள்ளே நுழைந்து, இரவு விளக்கு அணையும்வரை குழந்தையை இழுத்துக்கொண்டு அலைவதும் அந்த அவசரத்தால்தான். சின்னக் குழந்தையோடு போகிறவர்கள் அரை நாள்தான் பார்க்கப்போகிறோம் என்று முன்கூட்டியே தீர்மானித்துவிட்டால், பாதிச் சிக்கல் வீட்டிலேயே தீர்ந்துவிடும்.

உயரக்கோல் எதற்கு?

பல ரைடுகளின் வாசலில் ஓர் அளவுகோல் நிற்கும். உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணைப்படி 3 வயதுக் குழந்தையின் சராசரி உயரம் சுமார் 95 செ.மீ.; 4 வயதில் சுமார் 103. இதை வைத்துக்கொண்டு அந்தக் கோல்களைப் பார்க்கலாம். வால்ட் டிஸ்னி வேர்ல்டில் சிறுவர்களுக்கான ரோலர் கோஸ்டரான பார்ன்ஸ்டார்மருக்கு 89 செ.மீ. வேண்டும். செவன் ட்வார்ஃப்ஸ் மைன் டிரெயினுக்கு 97. ஸ்பேஸ் மவுன்டனுக்கு 112. சிங்கப்பூர் யுனிவர்சலில் டிரான்ஸ்ஃபார்மர்ஸ் ரைடுக்கு 102, பேட்டில்ஸ்டார் கலாக்டிகா கோஸ்டருக்கு 125. பெயர் பெற்ற ரைடுகள் பலவற்றில் மூன்று வயது வாண்டுக்குக் கதவு திறக்காது.

இந்த எண்களை யாரும் மனம்போனபடி வைக்கவில்லை. பல ரைடுகளில் இருவருக்கும் சேர்த்து ஒரே பாதுகாப்புக் கம்பிதான் மடிமீது இறங்கும். அப்பாவின் தொடையில் முட்டியதும் அது நின்றுவிடும். பக்கத்தில் இருக்கும் குழந்தையின் மடிக்கும் கம்பிக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி அப்படியே இருக்கும். குழந்தையின் கால் தரையில் ஊன்றாது. பிடித்துத் தாங்கும் பலம் கையில் இருக்காது. உடம்போடு ஒப்பிட்டால் தலை கனம். கழுத்தோ இன்னும் வலுப்படவில்லை. வண்டி சட்டென்று சரிந்தாலோ, திருப்பத்தில் பக்கவாட்டில் தள்ளினாலோ, அந்தச் சின்ன உடம்பு கம்பிக்கு அடியில் நழுவிவிடக்கூடும். பக்கத்தில் இருப்பவர் எவ்வளவு இறுக்கிப் பிடித்தாலும் அந்த வேகத்தில் கை நிற்காது.

அதனால்தான் கனமான ஷூ மாட்டி இரண்டு சென்டிமீட்டர் கூட்டுவதும், “ஒரே ஒரு தடவை விடுங்க தம்பி, நான் பிடிச்சுக்கிறேன்” என்று ஆபரேட்டரிடம் கெஞ்சுவதும் ஆபத்தானவை. மறுத்து நிற்கும் அந்த இளைஞர் குழந்தையின் பக்கம் நிற்கிறார்.

திருவிழா மைதானத்திலும் பொருட்காட்சியிலும் இந்தக் கோல் பெரும்பாலும் இருக்காது. மடியில் கைக்குழந்தையோடு ஜெயன்ட் வீலில் ஏறுகிறவர்களை அங்கே சாதாரணமாகப் பார்க்கலாம். கோல் இல்லாத இடத்தில் பெற்றோர்தான் கோலாக இருந்தாக வேண்டும். இடுப்பு பெல்ட் குழந்தையின் உடம்போடு ஒட்டி நிற்கவில்லை என்றால் அந்த ராட்டினம் அதற்கானது இல்லை.

சூனியக்காரியும் பொம்மை முகமும்

உயரம் போதும் என்பதற்காக மனமும் தயாராகிவிட்டது என்று ஆகாது. 1955 ஜூலை 17 அன்று கலிஃபோர்னியாவின் அனாஹெய்மில் டிஸ்னிலேண்ட் திறந்தபோதே ஸ்னோ ஒயிட் கதையைச் சொல்லும் ஒரு இருட்டு ரைடு இருந்தது. உயரத் தடை இல்லாத அந்த வண்டி திரும்பும் இடமெல்லாம் சூனியக்காரி எதிரே வந்தாள். இளவரசி கதை என்று நம்பி ஏறிய குழந்தைகள் அலறிக்கொண்டு இறங்கினார்கள். 1983-ல் அதைப் புதுப்பித்தபோது ரைடின் பெயரிலேயே ‘பயமூட்டும்’ என்ற சொல்லைச் சேர்த்தார்கள். 2021-ல் மீண்டும் மாற்றியமைத்தபோது அந்தச் சொல் போனது. இளவரசியின் மகிழ்ச்சிக்குக் கதையில் அதிக இடம் கிடைத்தது. பெரியவர்களுக்குச் சாதாரணமாகத் தெரியும் ஓர் இருட்டு அறை, நிஜம் எது, பொம்மை எது என்று இன்னும் பிரித்தறியாத பிள்ளைக்கு எவ்வளவு பெரிது என்பதை அந்தப் பூங்கா இப்படித்தான் கற்றுக்கொண்டது.

வேடமணிந்து கைகொடுக்கும் கதாபாத்திரங்களும் அப்படியே. டி.வி.யில் உள்ளங்கை அளவு இருந்த மிக்கி, நேரில் குழந்தையைவிட வெகு உயரமாக நிற்கிறது. கண் சிமிட்டுவதில்லை, வாய் அசைவதில்லை. ஒரு வயதும் இரண்டு வயதுமாக இருக்கும் குழந்தைகள் எதிரே இருப்பவரின் முகபாவத்தைப் பார்த்துத்தான் பயப்படலாமா வேண்டாமா என்று முடிவு செய்கிறார்கள். அசையாத முகம் அவர்களுக்கு எந்தப் பதிலும் தராது. போட்டோவுக்காகக் குழந்தையை அந்தக் கதாபாத்திரத்தின் கையில் திணிக்காமல், பத்தடி தள்ளி இடுப்பில் வைத்தபடி நின்று டாட்டா காட்டவைத்தால் போதும். பிடித்திருந்தால் வாண்டு தானே கிட்டே போகும்.

சத்தமும் சேர்ந்துகொள்ளும். கைக்குழந்தையின் காதுக்குழாய் சிறியது. கீச்சென்ற ஒலிகள் அதற்குள் பெரியவர்களுக்குக் கேட்பதைவிட உரக்க ஒலிக்கும். ரெயின் டான்ஸ் மேடையின் ஸ்பீக்கர் பக்கத்தில் தூங்கும் குழந்தையோடு உட்காருவது கூடவே கூடாது.

தூக்கம், பசி, வெயில்

உலக சுகாதார நிறுவனம் 2019-ல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, 1 முதல் 2 வயது வரை ஒரு நாளைக்கு 11 முதல் 14 மணி நேரத் தூக்கம் வேண்டும். 3 முதல் 4 வயது வரை 10 முதல் 13 மணி நேரம். பகல் தூக்கமும் இதில் சேர்த்திதான். மதியம் ஒரு மணிக்கு வீட்டில் கண் செருகும் குழந்தைக்குப் பூங்காவிலும் அதே ஒரு மணிக்குத்தான் கண் செருகும். அந்த நேரத்தில் வரிசையில் நிற்கவைத்தால், கையில் இருக்கும் ஐஸ்கிரீம் உருகி மணிக்கட்டில் வழிவதற்குக்கூட ஓர் அழுகை வெடிக்கும். அதைப் பிடிவாதம் என்று அதட்டுவது அநியாயம்.

வெயில் இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டியது. எடையோடு ஒப்பிட்டால் குழந்தையின் தோல் பரப்பு பெரியவர்களைவிட அதிகம், வியர்ப்பதோ குறைவு. அதனால் கத்திரி வெயிலில் உடம்பு சீக்கிரம் சூடேறிவிடும். குழந்தை வண்டியின் மேல் துண்டைப் போர்த்தி நிழல் செய்வது பரவலான பழக்கம். காற்று புகாமல் உள்ளே வெப்பம் தேங்கி, திறந்திருப்பதைவிட மோசமாகிவிடும் என்பதால் அதைத் தவிர்க்க வேண்டும். ஆறு மாதம் நிறையாத குழந்தைக்குத் தாகத்துக்கும் தாய்ப்பால்தான், தண்ணீர் இல்லை. வெயில் நாளில் வழக்கத்தைவிட அடிக்கடி பால் கொடுக்க வேண்டும். மற்றக் குழந்தைகளுக்குத் தண்ணீர் பாட்டில், தொப்பி, பருத்திச் சட்டை. ஆறேழு மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லை, சோர்ந்து மடிகிறது, வாய் உலர்கிறது என்றால் பூங்காவின் முதலுதவி அறைக்கு உடனே போய்விட வேண்டும்.

முழங்கால் அளவுத் தண்ணீர்

தமிழ்நாட்டுப் பூங்காக்களில் பாதிக் கொண்டாட்டம் தண்ணீரில்தான். மேட்டுப்பாளையம் அருகே நீலகிரி அடிவாரத்தில் உள்ள பிளாக் தண்டரும், மதுரையை அடுத்த பரவையில் இருக்கும் அதிசயமும் தண்ணீராலேயே பெயர் வாங்கியவை. பெரியவருக்கு முழங்கால் அளவு ஆழம் என்றால், ஒன்றரை வயதுக் குழந்தைக்கு அது நெஞ்சளவு. தலை கனமான குழந்தை குப்புற விழுந்தால் தானாக எழ முடியாது. கத்தாது, கை அடித்துத் தண்ணீரைக் கலக்காது. சத்தமே இல்லாமல் மூழ்கும். ‘கண் பார்வையில் இருக்கிறது’ என்பது இங்கே போதாது. கை நீட்டினால் தொடும் தூரத்தில் ஒரு பெரியவர் இருக்க வேண்டும், அவர் கையில் போன் இருக்கக் கூடாது. கையில் மாட்டும் காற்றடைத்த வளையம் விளையாட்டுச் சாமான்தான். அது லைஃப் ஜாக்கெட்டின் வேலையைச் செய்யாது. அலைக்குளத்தில் அலை தொடங்கும் மணி அடித்ததும் வாண்டுகளோடு கரையேறிவிடுவது நல்லது.

பூங்காக்கள் செய்யக்கூடியது

லாஸ் ஏஞ்சலிஸின் கிரிஃபித் பூங்காவில் மகள்கள் டயானும் ஷேரனும் குதிரை ராட்டினம் சுற்ற, பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தபோதுதான், பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து மகிழ ஓர் இடம் வேண்டும் என்று தோன்றியதாக வால்ட் டிஸ்னி சொல்லியிருக்கிறார். அந்த எண்ணம் கட்டடமாகவும் விதியாகவும் மாறியிருக்கிறது. வால்ட் டிஸ்னி வேர்ல்டின் நான்கு பூங்காக்களிலும் குழந்தைப் பராமரிப்பு மையம் உண்டு. பாலூட்டத் தனி அறை, டயப்பர் மாற்றும் மேசை, ஊட்டிவிட உயர நாற்காலி, சாப்பாட்டைச் சூடாக்க மைக்ரோவேவ் எல்லாம் அங்கே இருக்கின்றன. வழிதவறிய குழந்தைகளையும் அங்கேதான் கொண்டுபோய் வைத்திருப்பார்கள். குழந்தை ஏற முடியாத ரைடு என்றால், ஒருவர் போய்வரும்வரை மற்றவர் குழந்தையைப் பார்த்துக்கொள்ளலாம். பிறகு அவர் மறுபடி முழு வரிசையிலும் நிற்காமலே உள்ளே போகலாம். யுனிவர்சல் பூங்காக்களிலும் இந்த முறை உண்டு.

எல்லாவற்றுக்கும் கோடிகள் தேவை என்றும் இல்லை. நெதர்லாந்தில் உள்ள எஃப்டெலிங் பூங்கா 1952-ல் ஓவியர் ஆன்டன் பீக் வரைந்து கொடுத்த தேவதைக் கதைக் காட்டோடு தொடங்கியது. ரைடு எதுவும் வேண்டாம், மரங்களுக்கு நடுவே நடந்தாலே கதைகள் வரும். அங்கே 1959 முதல் ஒரு குண்டன் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறான். அவன் ஒரு குப்பைத்தொட்டி. காகிதம் போடச் சொல்லிக் கூப்பிடுவான். வாண்டு ஒரு காகிதத்தை வாயருகே நீட்டியதும் காற்று அதைச் சட்டென்று உள்ளே இழுக்கும், உடனே நன்றி சொல்வான். அடுத்த காகிதத்தைத் தேடிக் குழந்தை ஓடும். மூன்று வயதின் ஆனந்தம் எந்த அளவில் இருக்கிறது என்று தெரிந்தவர்கள் செய்த வேலை இது.

தமிழ்நாட்டில் 2015-லேயே பேருந்து நிலையங்களில் தாய்மார்கள் பாலூட்டத் தனி அறைகளை அரசு திறந்தது. இலவசமாக நுழையும் பேருந்து நிலையத்தில் இருப்பதை, தலைக்கு ஆயிரம் ரூபாய்க்கு மேல் வாங்கும் பூங்காவிடம் கேட்பதில் தயக்கமே வேண்டாம். ஆன்லைனில் பணம் கட்டுவதற்கு முன் பூங்காவுக்குப் போன் போட்டு நான்கு விஷயங்கள் கேட்கலாம். பாலூட்டவும் குழந்தையைத் தூங்கவைக்கவும் நிழலான அறை இருக்கிறதா? 90 செ.மீ. உயரக் குழந்தை ஏறக்கூடிய ரைடுகள் எவை? குழந்தைகள் குளத்துக்குத் தனி உயிர்காப்பாளர் உண்டா? குழந்தையின் சாப்பாட்டை வீட்டிலிருந்து கொண்டுவர விடுவார்களா? நாலு பேர் கேட்டால் பதில் சொல்லிவிட்டு மறந்துவிடுவார்கள். நானூறு பேர் கேட்டால் அறையே கட்டுவார்கள்.