தும்மினால் சிறுநீர் கசிவது ஏன்?

தும்மல் வருகிறது. சட்டென்று காலைக் குறுக்கிக்கொள்கிறீர்களா? பிள்ளை பெற்ற பல பெண்களுக்கு இது பழகிப்போன சங்கதி. வெளியே சொல்லத்தான் கூச்சம்.

இடுப்புக்கு அடியில், முன்பக்க எலும்பிலிருந்து வால் எலும்பு வரை, தசைகள் கயிற்றுக் கட்டில்போலப் பின்னிக் கிடக்கின்றன. சிறுநீர்ப்பை, கருப்பை, மலக்குடல் எல்லாம் அதன்மேல்தான். தும்மினால் வயிற்றின் அழுத்தம் கீழே இறங்கும். கயிறு விறைப்பாக இருந்தால் தாங்கிக்கொண்டு, சிறுநீர் வழியையும் மூடிவிடும். பிரசவம், ஓயாத இருமல், மலச்சிக்கலில் முக்குவது, இவையெல்லாம் கயிற்றைத் தொய்யவைக்கும்.

இழுத்துக் கட்ட முடியுமா? பெரும்பாலும் முடியும். 1948இல் அமெரிக்க மருத்துவர் ஆர்னால்ட் கெகல் இதற்கான பயிற்சியைப் பற்றி எழுதினார்.

பயிற்சி செய்யும் விதம்: நாலு பேர் நடுவில் வாயுவை அடக்குவீர்களே, அதேபோல உள்ளே, மேலே இழுங்கள். ஐந்து எண்ணிவிட்டு முழுதாகத் தளர்த்துங்கள். பத்து முறை, தினம் மூன்று வேளை. மூச்சை மட்டும் பிடிக்காதீர்கள். பலன் தெரிய மூன்று மாதம்கூட ஆகலாம்.

அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்கும் சிகிச்சையாளரான ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் இதை உங்கள் வேலைக்குள் கொண்டுவருவார்: குடத்தைத் தூக்குமுன் இறுக்குங்கள், மூச்சை விட்டபடி தூக்குங்கள்.

சிலருக்கோ கயிறு அளவு மீறி முறுக்கேறியிருக்கும். அவர்கள் இறுக்கினால் வலி கூடும். முதலில் மருத்துவரிடம் காட்டுவதே சரி.