நியூ மெக்சிகோவும் அதன் சின்னங்களும்

மேல்படிப்புக்காக அமெரிக்கா செல்ல விரும்பும் நண்பர்கள் நம் விடுதியில் பலர் உளர். கலிபோர்னியா, நியூயார்க், டெக்சாஸ் என்ற பெயர்களை அவர்கள் நாள்தோறும் சொல்லக் கேட்கிறோம். நியூ மெக்சிகோ என்றால் மட்டும், "அது வேறு நாடாயிற்றே!" என்கின்றனர். அமெரிக்கரிடையேயும் இந்த மயக்கம் உண்டு போலும். அம்மாநிலத்து மோட்டார் வண்டிகளின் எண் பலகையில் மாநிலப் பெயரோடு 'யு.எஸ்.ஏ.' என்றும் பொறித்திருக்கிறார்கள். இயற்பியல் பயிலும் எனக்கு அம்மாநிலத்தின்பால் தனி ஈடுபாடு உண்டு. அதன் காரணம் கட்டுரையின் போக்கில் விளங்கும்.

நியூ மெக்சிகோ, அமெரிக்காவின் தென்மேற்கில் அரிசோனாவுக்கும் டெக்சாசுக்கும் இடையே உள்ளது. பரப்பு ஏறத்தாழ 3,15,000 சதுர கிலோமீட்டர். பரப்பில் ஐந்தாவது பெரிய மாநிலம். ஆயினும் 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மக்கள் 21 இலட்சம் பேர்தாம். தலைநகர் சாந்தா ஃபே. 1610ஆம் ஆண்டளவில் ஸ்பானியர் அமைத்த இந்நகர், ஏறத்தாழ 7,000 அடி உயரத்தில் உள்ளது. அமெரிக்க மாநிலத் தலைநகரங்களுள் மிக உயரமானது இதுவே.

ஸ்பானியர் வருமுன்பே பியூப்ளோ மக்கள் மண்ணாலும் கல்லாலும் அடுக்கு வீடுகள் கட்டி ஊராக வாழ்ந்தனர். தாவோஸ் என்னும் ஊரில் அத்தகைய வீடுகளில் இன்றும் மக்கள் வாழ்கின்றனர். 1680இல் இம்மக்கள் ஒன்றுபட்டெழுந்து ஸ்பானியரைத் துரத்தினர். பன்னிரண்டு ஆண்டுகள் கழித்தே அவர்கள் திரும்ப முடிந்தது. பின்னர் இந்நிலம் மெக்சிகோவின் கைக்கு வந்து, 1848இல் அமெரிக்காவைச் சேர்ந்தது. ஆனால் முழு மாநிலமாவதற்கு 1912 சனவரி 6 வரை காத்திருக்க நேர்ந்தது. மக்களுள் பெரும்பாலோர் ஆங்கிலம் பேசாதவர் என்பது அத்தாமதத்தின் காரணங்களுள் ஒன்று.

தாய்மொழி வழங்காத ஊரில் வாழும் நமக்கு அடுத்த செய்தி சிந்தனைக்குரியது. ஆங்கிலமோ ஸ்பானியமோ பேசவோ, படிக்கவோ, எழுதவோ தெரியாது என்பதற்காக ஒருவரின் வாக்குரிமையைக் குறைத்தல் ஆகாது என்று அம்மாநில அரசியல் சட்டத்திலேயே எழுதிவைத்தனர். அத்தகைய சட்டத்தின் கீழும் பழங்குடியினர்க்கு வாக்குரிமை கிட்டவில்லை. மிகேல் துருகீயோ என்ற இஸ்லெட்டா ஊர் ஆசிரியர் வழக்குத் தொடுத்து வென்ற 1948இல்தான் அது கைவந்தது.

இனிச் சின்னங்களைக் காண்போம். மாநிலப் பறவை 'ரோட்ரன்னர்'. குயில் இனத்தது, பறப்பதைவிட ஓடுவதில் வல்லது, பாம்பையும் கொன்று தின்னும். மலர், பாலையில் வாள் போன்ற இலைகளிடையே வெண்கொத்தாய்ப் பூக்கும் யுக்கா. மரம், தின்னும் பருப்புத் தரும் பின்யோன் பைன். மாநிலக் காய்கறிகளாக மிளகாயையும் பின்டோ அவரையையும் 1965இல் தேர்ந்தனர். தாவரவியல்படி மிளகாய் கனியாயிற்றே என்று நம் தாவரவியல் நண்பர்கள் பூசலுக்கு வரவேண்டா! மாநிலத்துக்கென ஒரு வினாவும் உண்டு: "சிவப்பா, பச்சையா?" உணவு விடுதியில் எந்த மிளகாய்க் குழம்பு வேண்டும் என்று கேட்பதுதான் அது. இரண்டும் வேண்டுவோர் "கிறிஸ்துமஸ்" என்று விடையிறுப்பர்.

கொடி மிக எளிமையானது. மஞ்சள் நிறத் துணியில் சிவப்பு வட்டம். அதிலிருந்து நாற்புறமும் நந்நான்கு கதிர்கள். நான்கு திசை, நான்கு பருவம், நாளின் நான்கு பொழுது, வாழ்வின் நான்கு நிலை ஆகியவற்றை அவை குறிக்கும். இது சியா என்னும் பியூப்ளோ மக்களின் புனிதச் சின்னம். அவர்களுடைய பானை ஒன்றில் இருந்த கதிரவன் வடிவைக் கொண்டு ஹாரி மீரா என்ற மருத்துவர் வரைந்த கொடியை 1925இல் அரசு ஏற்றது. சியா மக்களை எவரும் இசைவு கேட்கவில்லை. 1990களில் அவர்கள் மாநில அரசிடம் ஈடு கோரினர். உலகம் போற்றும் அழகிய கொடிகளுள் ஒன்று, உடையவரைக் கேளாமல் எடுத்த கொடியும் ஆகும்.

காணத்தக்க இடங்களுள் முதலில் சொல்லவேண்டியது 'ஒயிட் சாண்ட்ஸ்' என்னும் வெண்மணற் பரப்பு. ஏறத்தாழ 710 சதுர கிலோமீட்டர் அளவு பரந்த இம்மணல் ஜிப்சத்தால் ஆனது. ஜிப்சம் நீரில் கரைவது. மலையிலிருந்து கரைந்து வந்தால் ஆற்றோடு கடலைச் சேர்ந்துவிடும். ஆனால் இங்குள்ள பள்ளத்தாக்கில் நீர் வெளியேற வழியில்லை. தேங்கிய நீர் வற்ற, படிகங்கள் எஞ்சுகின்றன. காற்று அவற்றைப் பொடியாக்கிக் குவிக்கிறது. கடும் வெயிலிலும் இம்மணல் காலைச் சுடுவதில்லை. இங்குப் புதைந்துள்ள மனிதக் காலடிச் சுவடுகள் 21,000 முதல் 23,000 ஆண்டுகள் பழமையானவை என்று 2021இல் ஆய்வாளர் அறிவித்தனர்.

சொக்கோரோ நகருக்கு மேற்கே மலைகள் சூழ்ந்த உயர்சமவெளியில், 25 மீட்டர் விட்டமுள்ள 27 வானொலித் தொலைநோக்கிகள் மூன்று கைகளாக விரிந்து நிற்கின்றன. உலர்ந்த காற்றும், வெளி இரைச்சலைத் தடுக்கும் மலைகளுமே அவ்விடத்தைத் தேர்ந்ததன் காரணம். புணேக்கு வடக்கே நம் நாட்டார் அமைத்துள்ள தொலைநோக்கித் தொகுதியும் இவ்வாறே மூன்று கைகள் உடையது.

வெண்மணலுக்கு வடமேற்கே நூறு கிலோமீட்டர் அளவில் 'டிரினிட்டி' உள்ளது. லாஸ் அலமோஸ் ஆய்வுக்கூடத்தில் உருவான முதல் அணுகுண்டு 1945 சூலை 16 விடியலில் அங்கே வெடித்தது. பாடநூல்களில் அவ்விடம் ஆளற்ற பாலை. உண்மையில் சுற்றுப்புறத்தில் பண்ணைகளும் ஊர்களும் இருந்தன. மக்களுக்கு முன்னறிவிப்பு இல்லை. எவரையும் அப்புறப்படுத்தவும் இல்லை. கதிர்வீச்சால் கேடுற்றோர்க்கு ஈடு தரும் சட்டம் 1990இல் வந்தபோது, டிரினிட்டியைச் சூழ்ந்து வாழ்ந்தவர்கள் அதில் இடம்பெறவில்லை. 2025 சூலையில்தான் அவர்களைச் சேர்த்தனர். 1979இல் அதே சூலை 16ஆம் நாள், சர்ச் ராக் என்னும் இடத்தில் யுரேனிய ஆலையின் கழிவுநீர் அணை உடைந்து, 35 கோடி லிட்டருக்கு மேற்பட்ட நச்சுநீர் நவாஹோ மக்கள் ஆடு மேய்க்கும் ஆற்றில் கலந்தது.

என் ஈடுபாட்டின் காரணம் இதுவே. அணுக்கருப் பிளவின் சமன்பாடுகளை நான் விரும்பிக் கற்கிறேன். அவற்றின் அழகில் எனக்கு ஐயமில்லை. ஆனால் ஏட்டில் 'ஆளற்ற இடம்' என்று கண்டால், அங்கே யார் குடியிருந்தார் என்று கேட்பதும் எங்கள் பாடத்தின் பகுதியே எனக் கருதுகிறேன். அம்மாநிலத்தின் குறிக்கோள் மொழிக்கு, 'செல்லச் செல்ல வளர்வது' என்பது பொருள். அங்கே செல்லும் நண்பர்கள் வெண்மணலைக் காண்க, மிளகாயைச் சுவைக்க, கொடியைக் கண்டால் சியா மக்களையும் ஒருகணம் நினைக்க.