தகவல் துளி: கங்கைக் கரையில் ஒரு புதுச் சாலை

பீகாரின் தலைநகரான பாட்னா, கங்கையின் தென்கரையை ஒட்டிக் கிழக்கு மேற்காக நீண்டு கிடக்கும் ஊர். வடக்கே ஆறு இருப்பதால் ஊர் அந்தப் பக்கம் விரிய வழியில்லை. ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போகும் வண்டிகள், அசோக் ராஜபாதை போன்ற பழைய, குறுகிய சாலைகளில்தான் நெருக்கியடித்துச் சென்றன. கல்லூரிகள், கடைகள், பெரிய அரசு மருத்துவமனை என எல்லாமே அந்தச் சாலையில்தான். ரிக்‌ஷா, பேருந்து, ஆம்புலன்ஸ் எல்லாவற்றுக்கும் ஒரே வழி!

2022 ஜூனில் நகரின் மேற்கே உள்ள திகாவிலிருந்து அந்த மருத்துவமனை வரை ஆற்றோரமாகவே ஜே.பி. கங்கை பாதை என்ற புதுச் சாலை திறக்கப்பட்டது. பின்னர் அது கிழக்கே திதார்கஞ்ச் வரை, சுமார் 20 கிலோமீட்டராக நீண்டது. குறுக்குத் தெருக்கள் நடுநடுவே வந்து சேராததால் வண்டிகள் நிற்காமல் ஓடுகின்றன.

அதே 2022 ஜூனில், கங்கையின் குறுக்கே 1982இல் திறக்கப்பட்ட மகாத்மா காந்தி பாலமும், பழுதான கான்கிரீட் மேற்கட்டுமானம் நீக்கப்பட்டு, பழைய தூண்கள் மீதே எஃகுச் சட்டங்களுடன் முழுமையாகப் பயன்பாட்டுக்கு வந்தது.

இப்படி, ஊரைக் கடந்து போகும் வண்டிக்கும் ஊருக்குள் வரும் வண்டிக்கும் தனித்தனி வழி. ஆற்றங்கரை நகரங்களின் நெரிசல் தீர இதுவே முதல் மருந்து.